அபூ காலித்களின் தாகம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அம்மான் மாநகரில் ஆண்டாண்டு காலமாக நிலவிவரும் தாகம், வியாழக்கிழமை காலை முதல் ரத்து செய்யப்படுகிறது. நஸூஹ் மற்றும் மைந்தர்கள் தண்ணீர் லாரி நிறுவனம் உலகத் தரத்தில் மின்னணு முறைக்கு மாறுகிறது. பொதுமக்கள் இனித் தொலைபேசியில் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

முகாபலைன் சாலையில், லாரிகள் நிற்கும் கொட்டகைக்கு எதிரே, இரண்டு மரங்களுக்கு நடுவில் இப்படி ஒரு துணி தொங்கியது. வாசகம் நஸூஹ் அவர்களுடையது. 'மைந்தர்கள்' என்று பன்மையில் போட்டிருந்தார். அவருக்கு இருப்பது ஒரே மகன், காலித். அவனுக்கும் மின்னணு முறைக்கும் உள்ள உறவு, அந்தத் துணியின் நான்கு மூலைகளைக் கட்டியதோடு முடிந்தது. முறையைச் செய்தவள் மகள் லுஜைன். அவள் பெயரைப் போடத் துணி போதவில்லை என்றார்கள்.

போன வாரம் நஸூஹ் தன் தம்பிகள் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, ஆட்டுக்கறிச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வியாழன் அன்று சூரியன் மறைந்து பாங்கு சொல்லும்வரை ஒரு புகார்கூட வராமல் இது ஓடினால், எந்த லாரி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற மேசை லுஜைனுக்கு. புகார் வந்தால் மேசை காலித்துக்கு, லுஜைன் வீட்டோடு.

கோடைக்காலத்தில் எங்கள் ஊரில் அந்த மேசை, மந்திரி மேசையைவிடப் பெரியது. லுஜைனுக்கு முப்பத்து மூன்று வயது. நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கொட்டகைக்கு வந்தவள். அந்த மேசை இல்லையென்றால் அவளுக்குச் சமையலறையில் ஒரு நாற்காலி உண்டு. அதையும் அவ்வப்போது அம்மா இன்ஆம் வெங்காயக் கூடை வைக்க எடுத்துக்கொள்வாள்.

அவள் செய்திருந்தது உண்மையில் ஒரு கொல்லைப்புற வாசல். வாடிக்கையாளரின் கைப்பேசிச் செயலி வந்து தட்டினால் ஆர்டரை வாங்கி வைக்கும். லாரிக்காரரின் கைப்பேசி கேட்டால் எடுத்துச் சொல்லும். ஏபிஐ என்பார்கள். இயந்திரமும் இயந்திரமும் பேசிக்கொள்ளும் இடம். மனிதருக்கு அங்கே வேலை கிடையாது. ஆனாலும் செய்கிறவர் சோதித்துப் பார்ப்பதற்காக, அதை பிரவுசரில் திறந்தால் ஒரு பக்கம் தெரியும். மேலே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் தகவல்கள், கீழே நிரப்பச் சில பெட்டிகள், அனுப்ப ஒரு பட்டன். சமையற்காரர் உப்புப் பார்க்கிற கரண்டி மாதிரி. அந்தக் கரண்டியிலேயே யாரும் பந்தி பரிமாறுவது இல்லை.

செயலி செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட கம்பெனிக்காரன் இஸ்தான்புல்லுக்குப் போய்விட்டான். அங்கிருந்து அவன் அனுப்பிய ஒரே வேலை, கடற்கரையில் நின்று எடுத்துக்கொண்ட படம்.

நஸூஹ் கலங்கவில்லை. மகளின் மடிக்கணினியில் கரண்டியைப் பார்த்துவிட்டார்.

"இதான் இருக்கே. பேரைப் போட்டு பட்டனை அமுக்கினா ஆர்டர் விழுது. இதுக்கு மேல செயலி எதுக்கு? கொஞ்சம் ஜோடிச்சா போதும்."

ஜோடிப்பு மூன்று வாரம் நடந்தது. மேல்பட்டையில் இருந்த பெயரை எடுத்துவிட்டு நிறுவனத்தின் பெயர் வந்தது. கறுப்பு போய்ப் பச்சை வந்தது. ஒரு நீர்த்துளி வந்தது. துளிக்குக் கிரீடம் வந்தது. கிரீடத்துக்குப் பக்கத்தில் நஸூஹ் யாரோ ஒரு பெரிய மனிதருக்குக் கைகொடுக்கும் படம் வந்தது. படத்தில் பெரிய மனிதரின் கை மட்டும் இருக்கிறது. மிச்சத்தை வெட்டிவிட்டார்கள், அவர் பதவி போய்விட்டதால். நெளிந்த அடைப்புக்குறிகள் பார்க்கப் புழு மாதிரி இருக்கின்றன என்று அவையும் மறைக்கப்பட்டன. பக்கம் முழுவதும் இடமிருந்து வலம் ஓடிக்கொண்டிருந்ததை, எங்கள் அரபி எழுத்துக்கு ஏற்ப வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்டாள் லுஜைன். அது லேசான வேலை இல்லை. பெட்டி ஒன்று திரும்பினால் பட்டன் ஒன்று முறைத்துக்கொள்ளும். எல்லாம் வரிசையில் வந்து நின்ற அன்று அவள் யாருக்கும் சொல்லாமல் இரண்டு கப் தேநீர் குடித்தாள். அந்த மூன்று வாரத்தில் அவள் கொண்டாடியது அவ்வளவுதான்.

பிறகு புதன்கிழமை நஸூஹ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்துக்கு இறுதி ஒப்புதல் தர உட்கார்ந்தார்.

"அம்மாடி, இது என்ன ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் நம்பர்?"

ஆர்டர் எண், இயந்திரத்துக்கு அதுதான் அடையாளம் என்றாள்.

"அபூ காலித், பதினேழு. மனுஷனா, கைதியா? நான் தண்ணி விக்கிறேன், ஜெயில் நடத்தல. எடு அதை."

எடுத்தாள். அதாவது, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாள். சோபாவில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த காலித், மின்னணு யுகத்துக்குத் தன் பங்கை அப்போதுதான் செலுத்தினான். பிரவுசரின் நெற்றியில் இருக்கும் முகவரியைக் காட்டி, "மேல பாருங்கப்பா. அங்கயும் பதினேழுன்னு நிக்குது" என்றான்.

அங்கேயும் எண்ணை எடுத்தால், அப்புறம் பெயர்தான் அடையாளம் ஆகும் என்று லுஜைன் விளக்கினாள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் இரண்டும் ஒருவராகிவிடும். குறைந்தபட்சம் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி வைக்கலாம் என்றாள்.

எங்கள் ஊரில் ஆண்மகனைச் சொந்தப் பெயரால் கூப்பிடுவது பள்ளிக்கூட வாத்தியாரும் நீதிமன்றமும்தான். மற்றவர்களுக்கு அவர் மூத்த பிள்ளையின் தகப்பன். பிள்ளை காலித் என்றால் இவர் அபூ காலித். மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது முறை. தாத்தாவின் பெயர் பேரனுக்கு, பேரன் பெயர் அவன் பேரனுக்கு என்று சுற்றிச் சுற்றி வருவதால் புதிய பெயர் உள்ளே நுழைய வழி இல்லை. அஷ்ரஃபிய்யா மேட்டில் நின்று "அபூ காலித்" என்று ஒரு குரல் கொடுத்தால் ஒரு தெருவுக்கு ஏழு ஜன்னல் திறக்கும். நஸூஹே ஓர் அபூ காலித்தான்.

"ஒரு மனுஷன் 'நான் அபூ காலித்'னு சொன்னதுக்கு அப்புறம், எந்தக் குடும்பம்னு கேக்குறதுக்கு நான் என்ன போலீஸா?" என்றார்.

கைப்பேசி எண்ணையாவது அடையாளமாக வைக்கலாம் என்றாள். பாதி ஆர்டர் வீட்டுப் பெண்கள் போடுவது; ஊரான் வீட்டுப் பெண்களின் எண்ணைப் பக்கத்தில் தொங்கவிடுவதா என்று கேட்டார்.

"எனக்கு நாப்பது அபூ காலித்தைத் தெரியும். குரலை வெச்சே எந்தத் தெருன்னு சொல்லிடுவேன்."

"மெஷினுக்குக் குரல் கேக்காதுப்பா."

"பழகிக்கும்."

லுஜைன் மாற்றிக் கொடுத்தாள். ஒரு நாள்தானே, வியாழன் கழியட்டும், மேசை கைக்கு வந்ததும் வெள்ளிக்கிழமை காலையிலேயே எண்ணைத் திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். யாரும் தப்பு என்று தெரியாமல் தப்புச் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை சரி செய்துகொள்ளலாம் என்றுதான் செய்கிறார்கள்.

வியாழன் காலை அலுவலகத்தில் கூட்டம். லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் வந்திருந்தார். ஒரு பத்திரிகையின் புகைப்படக்காரர், குனாஃபா இனிப்புத் தட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். பழைய தொலைபேசியின் வயரில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. நஸூஹ் உரையாற்றினார். தண்ணீர், நாகரிகம், அவருடைய தகப்பனாரின் கழுதை வண்டி ஆகிய மூன்றையும் தொட்டுவிட்டு, "இனிமேல் இந்த நிறுவனத்துக்கு மனித முகம்" என்று முடித்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். கை தட்டினார்கள்.

முதல் ஆர்டரை அவரே போட்டார். தன் வீட்டுக்குத்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து மொட்டைமாடித் தொட்டியைத் தட்டினால் டங்கு டங்கென்று சத்தம் வருவதாக இன்ஆம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் அவர் கிளம்பும்போது அவள் சொன்னதை நான் அப்படியே தருகிறேன்: "ஊருக்கெல்லாம் மின்னணுத் தண்ணி. என் குழாயில காத்து."

பெயர்ப் பெட்டியில் அபூ காலித் என்று ஒற்றை விரலால் அடித்தார். முகவரி, 'என் வீடு.' பட்டனை அமுக்கினார். பச்சை எழுத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. மறுபடி கை தட்டினார்கள். குனாஃபா தட்டு காலி.

முதல் ஒரு மணி நேரம் லுஜைனுக்கு நன்றாகத்தான் இருந்தது. மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, தான் திருப்பிப் போட்ட பக்கத்தில் முன்பின் தெரியாத மனிதர்கள் வலமிருந்து இடமாகத் தண்ணீர் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டியில், அவளுடைய பட்டனை அமுக்கிக் கேட்டார்கள்.

கோடை வியாழக்கிழமை என்றால் அந்த அறையில் ஒரே நேரத்தில் நாலு பேர் போனில் கத்துவார்கள். இன்று ஈ பறக்கும் சத்தம் கேட்டது. பட்டியலில் ஒன்பதே வரிகள். சங்கத் தலைவர் அசந்துபோனார். இவ்வளவு அமைதியாகத் தண்ணீர் வியாபாரம் நடந்து தாம் பார்த்ததில்லை என்றார். நஸூஹ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒழுங்கு என்பது இதுதான் என்றார்.

அப்போதுதான் லுஜைன் கவனித்தாள். அபூ காலித் வீடு மாறிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக அவள் பார்த்தபோது அவர் அஷ்ரஃபிய்யாவில், பேக்கரிக்குப் பின்னால் இருந்தார். இப்போது நஸ்ஸாலில், பல் டாக்டர் இருந்த கட்டடத்தில் இருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜவ்ஃபாவுக்குப் போனார், பள்ளிவாசல் படிக்கட்டுக்குக் கீழே. ஒவ்வொரு புதிய அபூ காலித் வந்து பட்டனை அமுக்கும்போதும், இயந்திரம் மரியாதையாக நினைத்துக்கொண்டது: அபூ காலித் மனம் மாறிவிட்டார். பழைய முகவரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதியது. அழிக்கப்பட்டவருக்கும் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பச்சையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தது. அபூ ஒமரும் அப்படியே ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். பழையதை எங்காவது குறித்து வைக்கும் வசதியை அடுத்த மாதம் செய்யலாம் என்று விட்டிருந்தாள், கிரீடத்துக்கு நேரம் வேண்டியிருந்ததால்.

கொட்டகைக்கு ஓடினாள். லாரிகள் நிறைந்த வயிற்றோடு வரிசையாக நின்றன. நிழலில் ஓட்டுநர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மூத்த ஓட்டுநர் ஷாஹிர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன இஞ்சினியரம்மா, ஊர்ல எல்லாருக்கும் தாகம் தீந்துபோச்சா? காலையில இருந்து எனக்கு ஒரே ஒரு அபூ காலித்துதான். கிளம்புறதுக்குள்ள மூணு தடவை வீடு மாத்திட்டான். பொண்டாட்டி துரத்துறாளோ என்னவோ."

திரும்பி வந்து அப்பாவின் காதோடு சொன்னாள். போனைத் திரும்பச் சுவரில் மாட்டுங்கள், கூப்பிடுகிறவர்களிடம் நான் மறுபடி கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்றாள். சங்கத் தலைவர் பக்கத்தில் இருந்ததால் நஸூஹ் பல் தெரியச் சிரித்தார்.

"இன்னிக்குப் போன் கிடையாது."

"ஜனங்க தண்ணியில்லாம காத்துக்கிட்டிருக்காங்கப்பா."

"யார் சொன்னா? ஒருத்தன் புகார் சொன்னானா?"

சொல்ல முடியாது. புகார் வருகிற வயரைத்தான் காலையில் கை தட்டலுக்கு நடுவில் பிடுங்கியிருந்தார்கள்.

எண்ணைத் திரும்ப வைக்கச் சில வரிகள்தான் தேவைப்பட்டன. யாரிடமும் கேட்காமல் வைத்தாள். அதற்கப்புறம் வந்த ஆர்டர்கள் தனித்தனியாக ஒழுங்காக நின்றன. வந்தவை இரண்டே. மற்ற எல்லாரும் காலையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டு, மாடியில் ஏறி நின்று, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலித் வாசற்படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு கை விதையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"லுஜு, எனக்கு அந்த மேசை வேணாம்டீ. நான் வெச்சிருக்கிற டயர் கடையே போதும்."

"இதை அப்பாகிட்ட சொல்லேன்."

"சொல்லலாம். குடுத்தா வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு எப்ப இருந்திச்சு?" தோலைத் துப்பினான். "நீ பேசாம இரு. பாங்கு சொல்ற வரைக்கும் ஒருத்தனும் வரலன்னா மேசை உனக்குத்தான். வாக்குன்னா வாக்கு."

லுஜைனுக்கு அவன்மேல் கோபம் வந்தது, அதையேதான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதால்.

ஓட்டுநர்கள் வியாழன் மாலை வழக்கப்படி வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். வெள்ளி விடுமுறை.

சூரியன் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் இறங்கும் நேரம். நஸூஹ் வீட்டு வரவேற்பறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, மேசைச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நேரம்தான், நாளை சித்தப்பாக்களுக்கு முன்னால் இதை உன் கையில் தருவேன் என்றார். "உங்கம்மா பொண்ணைப் பெத்துட்டோமேன்னு அழுதா. நான் அழலே" என்றார். பாராட்டுவதாகத்தான் நினைத்தார். லுஜைன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

நஸூஹ் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லாரும் கோட்டு சூட்டு. முன்னால், தோளில் பொன் விளிம்பு அங்கியோடு, மீசை முறுக்கிய ஒரு பெரியவர். அத்தர் வாசனை இரண்டாம் மாடிவரைக்கும் ஏறி வந்தது.

நஸூஹ் உள்ளே ஓடி வந்தார். "இன்ஆம், எழுந்திரு. ஜாஹா வந்திருக்கு. நம்ம வீட்டுக்கு. பொண்ணு கேட்டு பெரிய மனுஷங்க வந்திருக்காங்க."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லாமயா வருவாங்க?"

"எப்படிச் சொல்லுவாங்க? போனைத்தான் பிடுங்கியாச்சே."

ஒரே நாளில் உலகத் தரமும் மருமகனும். நஸூஹ் கண்ணாடியில் டையைச் சரிசெய்தார். கெட்டிலில் கடைசியாக இருந்த தண்ணீரை இன்ஆம் காபிக்கு ஊற்றினாள்.

வந்தவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, பெண் கேட்டு வருகிறவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள். காலித் சின்னக் குவளைகளில் கசப்புக் காபியை ஊற்றிக் கொடுத்தான். அங்கிக்காரப் பெரியவர் குவளையை வாங்கி, குடிக்காமல் முன்னால் இருந்த மேசையில் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். கோரிக்கை நிறைவேறும்வரை குடிக்க மாட்டோம் என்று அர்த்தம். நஸூஹுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காட்சியை அவர் மகளின் இருபதாவது வயதிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

சமையலறையிலிருந்து இன்ஆம், எல்லா மனைவிகளும் கூப்பிடுகிற மாதிரி, "அபூ காலித்" என்று கூப்பிட்டாள்.

பன்னிரண்டு தலைகளும் சமையலறைப் பக்கம் திரும்பின.

கதவருகே நின்ற லுஜைனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வரிசையின் நடுவில் இருந்தவரைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத கோட்டு. காது மடலுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சோப்பு. பாதிக் குளியலில் தண்ணீர் நின்றுபோனவர். வியாழக்கிழமை மாலை, ஊர் முழுக்கக் கல்யாணம். குளிக்க முடியாதவர்கள் அத்தரில் குளித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். போக்குவரத்துப் போலீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாக்கியத்தை நிறுத்தி, இன்னொன்றைப் போகவிட்டுப் பேசினார். "ஹாஜி நஸூஹ். நாங்க உங்க வீட்டுப் படி ஏறி வந்திருக்கோம். எங்க மானம் இப்ப உங்க கையில இருக்கு. எங்களுக்கு ஒரு கோரிக்கை. இது உங்க மகள் சம்பந்தப்பட்டது."

"அப்பா, முதல்ல என்னன்னு கேளுங்க" என்றாள் லுஜைன்.

பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்து அவளைக் கையமர்த்தினார் நஸூஹ். எழுந்து நின்றார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"கேக்கவே வேணாம். காபியைக் குடிங்க. எதுக்காக வந்தீங்களோ, அதைக் குடுத்தாச்சு."

பெரியவர் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. குடித்தார். மற்றவர்களும் குவளையை எடுத்தார்கள். "மப்ரூக்" என்று வாழ்த்தினார் ஒருவர், பழக்க தோஷத்தில். அந்த ஒரு சொல் சமையலறையில் விழுந்ததும் இன்ஆம் நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவை போட்டாள். தெருவில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

குலவை அடங்கியதும் பெரியவர் விஷயத்துக்கு வந்தார்.

தன்னை அறிமுகம் செய்துகொண்டார்: அபூ காலித், அஷ்ரஃபிய்யா. பக்கத்தில் இருப்பவர் அபூ காலித், நஸ்ஸால். அவருக்கு அடுத்தவரும் அபூ காலித்தான். இப்படியே கடைசி நாற்காலிவரை போனது. எல்லாரும் காலையில் பச்சை எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. கொட்டகைக்குப் போனால், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓட்டுநர், அபூ காலித்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கொட்டகை வாசலிலேயே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். கோரிக்கை இதுதான்: போனைச் சுவரில் மாட்ட வேண்டும். அந்தப் பக்கத்தை மூட வேண்டும். அதைச் செய்த பெண் பிள்ளையை மேசைப் பக்கம் விடாமல் மகனை அதில் உட்கார வைக்க வேண்டும்.

"உங்க பையன் பேரு காலித்துதானே. எங்க எல்லார் வீட்டுப் பையன் பேரும் அதான். நம்ம பிள்ளை ஒருத்தன் அங்க இருக்கான்னா எங்களுக்கும் ஒரு நிம்மதி."

எண்ணைத் திரும்ப வைத்தாயிற்று, இனிமேல் இப்படி நடக்காது என்றாள் லுஜைன். யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. பெரியவர் அவள் பக்கம் திரும்பாமல், மரியாதையாகத் தரையைப் பார்த்தார். கோரிக்கை நிறைவேறிவிட்டது. இனிப் பெண்ணிடம் பேச என்ன இருக்கிறது?

நஸூஹ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். நெஞ்சில் வைத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்றே எனக்குத் தோன்றியது. எதிரே பன்னிரண்டு பேர். காபி வேறு குடித்துவிட்டார்கள்.

"குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு" என்றார்.

சாவியைக் காலித்திடம் நீட்டினார். அவன் தங்கையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தைரியத்தைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை.

அவர்கள் படியிறங்கும்போது பாங்கு ஒலித்தது. தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். வெள்ளி விடுமுறை, சனிக்கிழமை பார்க்கலாம் என்றான் மேசையின் புதிய அதிபதி.

நஸூஹ் தொழுகைக்குக் கைகால் கழுவக் குழாயைத் திறந்தார். அது பெருமூச்சு விட்டது.

"என்ன இது? முதல் ஆர்டரே நம்ம வீட்டுக்குத்தானே போட்டேன்?"

"ஆமா. அழிஞ்ச முதல் அபூ காலித்தும் நீங்கதான்ப்பா" என்றாள் லுஜைன்.

லுஜைன் மடிக்கணினியைத் திறந்தாள். பச்சைப் பட்டை, கிரீடம், துண்டுக் கை, தான் ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்திய பெட்டிகள் எல்லாம் அழகாகவே இருந்தன. யாரோ ஓர் அபூ ஒமர் அப்போதுதான் தண்ணீர் கேட்டிருந்தார். அவர் தலைக்கு மேல் ஓர் எண் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்தை மூடினாள். மூடச் சொன்னார்கள்; மூடியாயிற்று. வங்கியில் அவள் இடத்துக்கு வேறொருத்தி எப்போதோ வந்துவிட்டாள்.

இன்ஆம் தட்டோடு வந்து குவளைகளைப் பொறுக்கினாள். கோடி நாற்காலிக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

"இதுல காபி அப்படியே இருக்கே. ஒருத்தர் குடிக்கவே இல்ல. இங்க உக்காந்திருந்தது யாரு?"

காலித்துக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு எல்லாரும் அபூ காலித்தாகத்தான் தெரிந்தார்கள். நஸூஹ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோரிக்கை நிறைவேறிய பிறகும் குடிக்காமல் போனவருக்கு வேறு கோரிக்கை இருக்க வேண்டும். என்ன கோரிக்கை, யாரிடம் என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் மனசில்லை.

இன்ஆம் அந்த நிறைந்த குவளையை மட்டும் தனியே எடுத்து ஓரமாக வைத்தாள். மற்றவற்றைத் தொட்டியில் போட்டாள். கழுவ வீட்டில் தண்ணீர் இல்லை.